உளுந்து ஏறிய ரேடியேட்டர்

"...தண்ணியெல்லாம் சரியாத்தான் இருக்கு தம்பி. மூக்கைப் பொத்திப்புட்டு ஓடு ஓடுன்னா எந்த மாடு ஓடும்?"

சொன்னவர் என் வாடகைக் காரில் வந்த அம்மா. நீடாமங்கலம் தாண்டி ஒரு புளியமர நிழலில் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். பங்குனி வெயில். மணி பத்து. பதினொரு மணிக்கு மன்னார்குடி பத்திரப்பதிவு அலுவலகத்தில் அவருக்கு டோக்கன். ஒரு மா நிலம், ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, வாங்குகிறார். அவரும் அவருடைய அம்மாவும் கூலிக்கு நடவு நட்ட அதே வயல். விற்கிறவர் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர். அன்று சாயங்காலமே விமானம் ஏறுகிறார். அடுத்த முறை வரும்போது அவர் மனசு எப்படி இருக்குமோ, யார் கண்டது?

நான் பதறவில்லை. பட்டறையில் சேர்ந்து தொழில் கற்றவனில்லை நான். பட்டறை வாசலில் டீ குடித்துக்கொண்டே காது கொடுத்துக் கற்றவன். ஆட்களின் பெயர் மறந்துபோகும், அவர்கள் சொன்ன சொல் மறக்காது. "சூடான வண்டியும் கோவத்துல இருக்குற சம்மந்தியும் ஒண்ணு, ஆறாம வாயத் தொறக்க விடாத" என்று ஒரு மெக்கானிக் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அதனால் ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை. முள் சிவப்பை நோக்கி ஏறியபோதே ஏசியை அணைத்து, ஹீட்டரைத் திறந்து, எஞ்சின் சூட்டைக் காருக்குள் இழுத்துவிட்டிருந்தேன். "பங்குனியில குளிர் காயுறது நாமதான்" என்று அந்த அம்மா கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

நிறுத்திப் பார்த்தால், டப்பாவில் கூலன்ட் அளவாக இருந்தது. குழாயில் கசிவில்லை. பெல்ட் இறுக்கமாக இருந்தது. ஃபேன் ஆவேசமாகச் சுற்றியது. எல்லாம் சரி, சூடு மட்டும் குறையவில்லை.

அப்போதுதான் அவர் மூக்கைப் பற்றிச் சொன்னார். அவர் மகன் அறுப்பு மிஷின் ஓட்டுகிறவன். "மணிக்கொருக்கா முன்னாடி வலையத் தட்டலன்னா அதுவும் இப்படித்தான் கொதிக்கும்பான். காலையில நீ செஞ்ச தருமத்த எட்டிப் பாரு" என்று கிரில்லுக்குள் விரலை நீட்டினார்.

உளுந்து பிடுங்குகிற காலத்தில் எங்கள் பக்கம் செடியைத் தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டியெல்லாம் மேலே ஏறி மணியை உதிர்த்துக் கொடுக்கும். அன்று காலை அவர் புறப்பட்டு வரும்வரை சும்மா நிற்பானேன் என்று, அவர் தெருவில் காய்ந்து கிடந்த செடியின் மேல் பத்து தடவையாவது முன்னும் பின்னும் ஓட்டியிருப்பேன். "கையால அடிச்சா கை வலிக்கும், காரால அடிச்சா காருக்கா வலிக்கும்?" என்று அங்கிருந்தவர் உசுப்பேற்றினார். காருக்குத்தான் வலித்திருக்கிறது.

குனிந்து பார்த்தேன். ரேடியேட்டரின் முகமே தெரியவில்லை. சருகும் தூசியும் கம்பளி போல மூடியிருந்தன. காற்று எங்கே நுழையும்? எஞ்சினை அணைத்து ஆறவிட்டேன். கால் மணி நேரம். அந்த அம்மா மணி கேட்கவேயில்லை. மடியில் இருந்த பத்திர உறையின் ஓரத்தை மட்டும் நீவி நீவிவிட்டுக்கொண்டிருந்தார். பிறகு டிக்கியில் கிடந்த பெயின்ட் பிரஷை எடுத்து, மெல்லிய தகடுகள் வளையாமல் மேலிருந்து கீழாகத் தள்ளினேன். சருகு கொத்துக் கொத்தாக விழுந்தது. கிளப்பினேன். முள் பாதியில் போய் நின்றது, அதற்குமேல் அசையவில்லை.

"போயிடலாம்மா" என்றேன். சந்தேகமில்லாமல்தான் சொன்னேன்.

இரண்டு ஊர் தாண்டினால், சாலையின் அகலம் முழுக்க மறுபடியும் உளுந்து. செடிக்குச் சொந்தக்காரர் துண்டை வீசி, "ஏத்துங்க, நல்லா ஏத்துங்க" என்றார்.

"நிறுத்து தம்பி."

பத்திர உறையை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார் அந்த அம்மா. புதுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, செடியைக் கட்டுக் கட்டாக வாரி ஓரத்தில் போட்டார். ஒரு கார் போகிற அகலத்துக்கு வழி பிறந்தது.

"ஏம்மா, காயப் போட்டதப் போயி அள்ளுறியே, இது என்ன ஒன் வூட்டு ரோடா?"

"வர்ற வருசம் எங்க உளுந்தும் ரோட்டுலதான் கெடக்கும். அப்ப வந்து நீங்க அள்ளுங்க, வாங்க."

அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் இவர் வண்டியில் ஏறி, உறையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பத்து ஐம்பதுக்கு அலுவலக வாசலில் நிறுத்தினேன். இறங்கி, முந்தானையில் ஒட்டியிருந்த சருகை உதறிவிட்டு, டோக்கன் எண்ணைக் கூப்பிடும் முன்பே படியேறினார்.