மண்டித் தராசில் என் மகள்

அயல்நாட்டில் பணிபுரியும் என் மகள், அங்கே பொறியின்றிக் காற்றில் மிதந்து செல்லும் கிளைடர் வானூர்தியைச் செலுத்தக் கற்றிருந்தாள். விடுமுறைக்குத் திண்டுக்கல் வந்தவள், அடுத்த மாதம் என்னையும் அங்கு அழைத்துப்போய் அதில் ஏற்றிச் செல்வதாகக் கூறி, பறத்தலுக்குரிய மென்பொருளை மடிக்கணினியில் திறந்தாள். தன் எடையைப் பதிந்தாள். என் எடைக்குரிய கட்டம் வெறுமையாக இருந்தது.

"சரியாச் சொல்லுங்கப்பா. நம்ம ரெண்டு பேர் எடை போக மீதிக்குத்தான், வேகமாப் போக, றெக்கைத் தொட்டியில தண்ணி நிரப்பணும். குறைச்சுப் போட்டா மொத்தப் பாரம் கூடிரும். ஆபத்து."

"அதற்கென்ன, மண்டிக்குப் போவோம்" என்றேன், சற்றுப் பெருமிதத்துடன். அக்காய்கறி மண்டி என் தந்தையார் நிறுவியது, தம்பி நடத்திவந்தான். கல்லூரியில் அறநூல்களைக் கற்பித்தவன் நான். உழவர்கள் எங்களை நம்பிச் சரக்கிறக்குவதில் என் பெயருக்கும் பங்குண்டு என்றே எண்ணியிருந்தேன்.

அங்கே விளையாட்டாக மகளே முதலில் தராசில் ஏறினாள். எண்ணைப் பார்த்தாள், இறங்கி மீண்டும் ஏறினாள்.

"சித்தப்பா, போன வாரந்தான் அங்க கிளைடர் கிளப்புல எடை போட்டாங்க. உங்க தராசு என்னைய நாலு கிலோ இளைக்க வச்சிருச்சே."

வெங்காய மூட்டைகளுடன் காத்திருந்த தொப்பம்பட்டி உழவர் சிரித்தார். "ஏனுங்க அம்மிணி, எங்க வெங்காயமும் இங்க வந்து சேர்றதுக்குள்ள இளைச்சுப்போகுதுங்க. வெயிலுன்னு சொல்றாருங்க உங்க சித்தப்பா."

தம்பி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தான். உழவரும் என் பக்கம் திரும்பினார். "வாத்தியாரய்யா என்னங்க சொல்றீங்க?"

"நெடும்பயணத்தில் உடல் மெலிவது இயல்புதான்" என்றேன்.

"ஐயா சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்."

நானும் ஏறி இறங்கினேன். பின்னர் அவர் தம் முதல் மூட்டையை அதே தராசில் வைத்தார். எடையாள் எண்ணை உரக்கக் கூறினான்; தம்பி குறித்துக்கொண்டான். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன், வேண்டுமளவுக்கு மேல் மெதுவாக.

வீட்டில் மகள் மடிக்கணினியைத் திறந்து என் எடையைப் பதிந்தாள். அது தராசு காட்டிய எண்ணாக இல்லை.

"நாலு கூட்டிப் போட்டிருக்கேம்ப்பா" என்றாள், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

மண்டியில் நான் சொன்னதைப் பற்றி அவள் வினவியிருந்தால் ஏதேனும் விடை கூறியிருப்பேன்; வினவவில்லை. என் உயிருக்கு வேண்டிய சரியான எடை அவ்வாறு பதிவாயிற்று. அந்நேரம் மண்டியில் அவ்வுழவரின் மூட்டைகளுக்கு விலை முடிந்திருக்கும்.