புது டெர்மினலுக்கு நானும் கையெழுத்துப் போட்டேன்

விமான நிலையத்தின் புது டெர்மினல் பற்றி ஊர்மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் இன்று நடந்தது. நாற்காலிகளை நிரப்ப எங்கள் வகுப்பைப் பஸ்ஸில் ஏற்றிப் போனார்கள். வாசலில் ஒரு நோட்டை நீட்டினார்கள். வருகைப் பதிவு என்று நினைத்து எல்லோரும் கையெழுத்துப் போட்டு, அவர்கள் கொடுத்த ஜூஸையும் வாங்கிக் குடித்தோம்.

டெர்மினல் கட்டும் செலவுக்கு, பக்கத்து நிலத்தை எடுத்து ஓட்டல் கட்டி வாடகைக்கு விடுவார்களாம். மேடையில் இருந்த அதிகாரி திரையில் வரைபடத்தைக் காட்டினார். ஓட்டல் என்று எழுதியிருந்த இடம் நாங்கள் வேர்க்கடலை பயிரிடும் கொல்லை.

திரும்பும்போதுதான் நோட்டின் தலைப்பைப் படித்தேன். 'திட்டத்தை ஆதரிப்போர்.'

"சார், எம்பேர அடிச்சிருங்க. அது எங்க கொல்லைங்க."

நோட்டு வைத்திருந்தவர் சிரித்தார். "ஜூஸு குடிச்சீல்ல பாப்பா? அங்கிட்டுப் போ."

அவரைவிட என் கையைப் பார்க்கத்தான் அருவருப்பாக இருந்தது.

அப்பா நாளை ஆட்சேபணை மனு கொடுக்கிறார். "நம்ம வீட்டுல ஒரு கையெழுத்து வாங்கிருவாங்களா? பாப்போம்" என்று சாப்பிடும்போது சொன்னார். நான் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இப்போது போர்வைக்குள் ஒளிந்து போனில் இதை எழுதுகிறேன்.

என்னோடு சேர்ந்து எங்கள் கொல்லையைக் கொடுத்த தோழிகளே, விடிவதற்குள் அப்பாவிடம் எப்படிச் சொல்வதென்று ஒருத்தியாவது சொல்லுங்கள். ஜூஸ் நன்றாக இருந்தது என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம்.