அரிப்பு வந்தது பந்தலிலிருந்து அல்ல

கம்பம் அருகே எங்கள் திராட்சைத் தோட்டம். கொடிப் பந்தலுக்குப் பூச்சிமருந்து அடித்தால் எனக்கு உடம்பு அரிக்கும். அதனால், கால் புண்ணுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டுவந்தபோது உடம்பெல்லாம் தடித்ததும், பந்தல் மருந்தைத்தான் சந்தேகித்தேன். மாத்திரையை விடவில்லை. காய்ச்சல் வந்தது; முகம் வீங்கி, சிறுநீரும் குறைந்தது.

மருந்தடித்த நாளைக் குறித்திருந்த காலண்டரை என் மனைவி பார்த்தாள். "அடிச்சுப் பதினஞ்சு நாளாச்சே, இன்னுமா அரிக்கும்? கெளம்புங்க ஆஸ்பத்திரிக்கு" என்றாள்.

தேனியில் ரத்தப் பரிசோதனை செய்த டாக்டர், மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருப்பதாகச் சொல்லி, மாத்திரையை நிறுத்தி ஸ்டீராய்டு கொடுத்தார். தேற இரண்டு மாதமானது.

இப்போது எந்த டாக்டரிடம் போனாலும் அந்த மாத்திரையின் பெயரை முதலில் சொல்கிறேன். புது மாத்திரை தொடங்கும் நாளையும் காலண்டரில் குறிக்கிறேன். இத்தனை வருடம் கொடிக்கு மட்டும்தான் குறித்திருந்தேன்.