ஐயம்பேட்டைக்குப் போகாத பதினோரு மாசம்

எனக்கு வாய் நீளம். அதுக்கு மேல ரோஷம். இந்த ரெண்டும் ஒரே உடம்புல இருந்தா, எதிரின்னு தனியா ஒருத்தன் வெளியிலிருந்து வரவேண்டாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுக்கு ரெண்டு மூணு வருஷம் முன்னாடி நடந்தது. பெரிய காஞ்சிபுரத்துல ஒரு ஒர்க்‌ஷாப்புல நான் டிங்கர். அடிபட்டு வர்ற லாரி, பஸ்ஸோட தகரத்தைத் தட்டி நிமிர்த்தற வேலை. எங்கப்பா பட்டு நெசவு. கல்யாணமான புதுசுல திருப்பருத்திக்குன்றத்துல ஒருத்தர் தோட்டத்துல பழைய பிக்கப் வண்டி ஒண்ணைப் பார்த்தேன். ரெண்டாம் உலகச் சண்டை முடிஞ்சப்புறம் பட்டாளத்துல ஏலம் விட்டதாம். மேல பூசணிக்கொடி, உள்ள சாரைப்பாம்பு. "எடுத்துக்கினு போப்பா, இடம் காலியானா போதும்"னுட்டார் தோட்டக்காரர். ரெண்டு மாடு கட்டி இழுத்தாந்து எங்க வீட்டுப் பின்னாடி புளியமரத்தடியில நிறுத்தினேன். என் பொண்டாட்டிதான் முதல்ல ஏறி உட்கார்ந்து பார்த்தா. தரை ஓட்டை வழியா அவ காலு மண்ணுல பட்டுது. அப்படிச் சிரிச்சா.

அவளுக்கு வளைகாப்பு முடிஞ்சு, பிரசவத்துக்குக் கூட்டிக்கினு போக ஐயம்பேட்டையிலிருந்து மாமனார் வந்திருந்தார். பின்னாடி கை கழுவப் போனவர் வண்டியைப் பார்த்துட்டு, "இன்னா மாப்பிள்ளை, கோழி அடைக்கவா?"ன்னார். தமாஷுக்குத்தான் சொன்னார். பந்தியில இருந்தவங்க எல்லாம் சிரிச்சிட்டாங்க. எனக்குச் சுருக்குனு ஏறிச்சு. "மாமா, இதே வண்டியில வந்துதான் உங்க பொண்ணையும் குழந்தையையும் கூட்டிக்கினு வருவேன். அதுவரைக்கும் உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்"னேன். கை நிறைய வளையலோட அவ என்னை ஒரு பார்வை பார்த்தா.

வைகாசியில காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரியில பொண்ணு பொறந்தா. மூணு நாள் பார்த்தேன். நாலாம் நாள் தாய்வீட்டுக்குப் போயிட்டாங்க. பஸ் ஏறினா அரைமணியில ஐயம்பேட்டை. நான் ஏறலை.

துரு இருக்குதே, அது ஒரு கபடம். மேல காசளவு தெரியும். சுத்தியால தட்டினா தாம்பாளம் அளவுக்கு உதிரும். நல்ல தகரம் 'ணங்'குன்னும், செத்த தகரம் 'தொப்'புன்னும். என் வண்டி பாதிக்கு மேல 'தொப்'புதான். மரக்கிளையில செயின் கட்டி பாடியைத் தனியாத் தூக்கிட்டு, அடிச்சட்டமான சேசிஸை மண்ணெண்ணெய் ஊத்தி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சேன். பின்பக்கம் குறுக்குச்சட்டம் மொத்தமும் அரிச்சுப் போயிருந்துச்சு. வேற லாரிச் சட்டத்தை வெட்டிப் பொருத்தி, ரிவெட் ஆணியைப் பழுக்கக் காய்ச்சி அறைஞ்சேன். தரைக்குத் தார் பீப்பாயைப் பிரிச்சு விரிச்சு வெல்டிங் வெச்சேன். ஒர்க்‌ஷாப் விட்டு வந்தா இதுதான் வேலை.

சேதி எல்லாம் எங்க தெருக்கார கண்டக்டர் மூலமா வரும். அவர் அந்த ரூட்டு பஸ். மாமியார் வீட்டுல குழந்தை புதுசா எது பண்ணாலும் ஒரு பலகாரம் செய்யற பழக்கம். "குப்புற விழுந்துச்சாம்பா"ன்னு ஒரு நாள் பணியாரப் பொட்டலம் குடுத்தார். கை முழுக்கத் துருவோட அதைத் தின்னேன். என் பொண்ணு எந்தப் பக்கம் திரும்பி விழுந்தான்னு அவரைக் கேட்டேன். "எனக்கு எப்படிப்பா தெரியும்?"னார்.

அஞ்சாம் மாசம், ஐப்பசி. தாயையும் குழந்தையையும் கூட்டிக்கினு வரவேண்டிய மாசம். சேசிஸ் முடிஞ்சு, இன்ஜின் ஓடுது, பிரேக் பிடிக்குது. பாடிதான் பாக்கி. செவப்பு ரெட் ஆக்சைடு பூச்சும், பள்ளத்துல அப்பின வெள்ளைப் பட்டியுமா, தேமல் வந்த உடம்பாட்டம் நிக்குது. கண்டக்டர்கிட்ட அவ சொல்லி அனுப்பினா: "எப்படி இருந்தாலும் பரவாயில்லை, எடுத்துக்கினு வரச் சொல்லுங்க."

நான் போகலை. நெசவு வீட்டுப் புத்தி. முந்தானை முடியாம தறியிலிருந்து சேலையை அறுக்கக் கூடாது, அரைச் சேலையை ஆருக்கும் காட்டக் கூடாதுன்னு கேட்டு வளர்ந்தவன். கோழி அடைக்கவான்னு கேட்ட மனுஷன் முன்னாடி அரைகுறையாப் போய் நிக்கறதான்னு நெனச்சேன், வீட்டுலயும் அதையே சொன்னேன். எங்கம்மா தலையில அடிச்சிக்கினாங்க. "அடப்பாவி, வண்டிக்கு இன்னாடா முந்தானை? பெத்த புள்ளை அங்க வளருது!"

அம்மா பேச்சைக் கேட்டிருக்கலாம். அவசர அவசரமா அந்த அடைமழை மாசத்துல நீலப் பெயின்ட் அடிச்சேன். கார்த்திகையில கதவெல்லாம் கொப்புளம். குத்திப் பார்த்தா உள்ள ஈரம், புதுத் துரு. மொத்தத்தையும் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, வெயில் வர்றவரைக்கும் காத்திருந்து மறுபடி முதல்லேர்ந்து. அதுக்குள்ள பல் முளைச்சதுக்கு ஒரு பொட்டலம், வாசப்படி தாண்டினதுக்கு ஒரு பொட்டலம் வந்துடுச்சு. பலகாரம் வந்துச்சே தவிர, அவகிட்டேர்ந்து சேதி வர்றது நின்னுபோச்சு.

சித்திரையில வண்டி கண்ணாடியாட்டம் மின்னுச்சு. கிளம்பற அன்னிக்குத் தெருவுல தறிக்குப் பாவு நூலை நீளமா நீட்டிக் கட்டியிருந்தாங்க, சுருட்டற வரைக்கும் வண்டி நகர முடியாது. பதினோரு மாசம் வீம்பா இருந்தவனுக்கு அந்த அரைமணி பொறுக்கலை.

ஐயம்பேட்டையில வீட்டு வாசல்ல நிறுத்தி, ஊருக்கே கேக்கற மாதிரி ஹாரன் அடிச்சேன். ஒரு குழந்தை தத்தித் தத்தி வாசலுக்கு வந்துச்சு. பச்சைப் பாவாடை, நெத்தியில மைப்பொட்டு. என் பொண்ணுதான்னு மூக்கைப் பார்த்துக் கண்டுபிடிச்சேன். இறங்கிக் கையை நீட்டினேன். வீல்னு கத்திட்டு ஓடிப்போய் மாமனார் காலைக் கட்டிக்கினா. மாமனார் வண்டியைச் சுத்தி வந்து தடவிப் பார்த்துட்டு, "பிரமாதம் மாப்பிள்ளை"ன்னார். அந்த ஒரு வார்த்தைக்குத்தானே இவ்வளவும்! காதுல விழுந்துச்சு, மனசுல ஏறலை.

என் பொண்டாட்டி வெளிய வந்தா. வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. "அரைமணி தூரம் வர்றதுக்கு உங்களுக்குப் பதினோரு மாசமா?"ன்னா. சண்டை போட்டிருந்தா தேவலை. அழுதிருந்தாலும் தேவலை. ரெண்டுபேரையும் வண்டியில ஏத்திக்கினு திரும்பினேன். பொண்ணு அவ தோள்ல முகத்தைப் பதிச்சுக்கினு, என் பக்கம் திரும்பவே இல்லை. பத்து நாள் ஆச்சு என்கிட்ட வர.

அந்த வண்டி பல வருஷம் உழைச்சு, மறுபடி துருப்பிடிச்சு, பழைய இரும்புக்குப் போச்சு. அது மேல எனக்கு ஏக்கம் இல்லை. அந்தப் பதினோரு மாசத்து மேலதான் ஏக்கம். வயசாக ஆக அது ஏறிக்கினே போச்சு. சும்மா உட்கார்ந்திருக்கறப்ப பொண்டாட்டியை நோண்டுவேன். எந்தப் பல்லு முதல்ல வந்துச்சு? தவழறப்ப எந்தக் காலை மடக்குவா? எதைக் காட்டினா சிரிப்பா? "எத்தினி தடவை சொல்றது?"ன்னு அலுத்துக்கினே சொல்லுவா. ஒண்ணை மட்டும் கேக்கவே இல்லை, பொண்ணு முதமுதல்ல என்ன பேசினான்னு. அது 'அப்பா'வா இருந்துட்டா என்ன பண்றதுன்னு பயம்.

என் பொண்டாட்டி போய்ச் சேர்ந்து ஆறு மாசம். பொண்ணு தன் பேத்தியை இடுப்புல வெச்சிக்கினு வந்திருந்தா. அந்தக் குழந்தை அன்னிக்குத்தான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்குது. வீடே கொண்டாடுது. பொண்ணு என் பக்கத்துல வந்து உட்கார்ந்து, "நான் முதல்ல என்னப்பா பேசினேன்?"ன்னா.

"தெரியலம்மா, நான் அங்க இல்லை"ன்னேன்.