காயாத சுவர்

வீட்டிலேயே துணி தைத்துக்கொடுக்கும் மூத்த மருமகளுக்கு வயிறு எரிந்தது. பன்னிரண்டு வருடமாக இந்தக் கூடத்தைக் கூட்டித் துடைப்பவள் அவள். நேற்று வந்த ஓரகத்தி ரோலரைப் பிடித்து அதன் சுவருக்குப் பெயின்ட் அடித்ததும், "என்ன கை, என்ன கை!" என்று மாமியார் உருகிப்போனார்.

சின்னவள் டீ குடிக்கப் போனதும், நமக்கு வராதா என்ன என்று மூத்தவள் ரோலரை எடுத்துச் சுவரில் ஒரே ஒரு இழுப்பு இழுத்தாள். பாதி காய்ந்திருந்த பெயின்ட் தோலாக உரிந்து ரோலரோடு வந்துவிட்டது.

"யாருடி இப்படிப் பண்ணது?" என்றபடி மாமியார் வந்தார்.

பின்னாலேயே வந்த சின்னவள் மூத்தவளின் முழங்கையில் இருந்த பெயின்டைப் பார்த்தாள். "நான்தான் அத்தை, அவசரப்பட்டுட்டேன்."

"போகட்டும்டா கண்ணு, உனக்கும் கை வலிக்கும்ல."

மூத்தவளுக்கு இன்னும் எரிந்தது. இத்தனை வருடத்தில் எந்தத் தப்புக்கும் அவளுக்கு ஒரு 'கண்ணு' கிடைத்ததில்லை. இன்றைய தப்பும் அவளுடையதுதான். கிடைத்தது என்னவோ சின்னவளுக்கு.