சாத்தாத படலை

கொக்குவிலில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்கு, வெளிநாடு போனவர்கள் விட்டுப்போன துடியான நாயொன்றை உற்சாகமாகக் கொண்டுபோனேன். ஒல்லியான மனிதர்; இன்னும் காக்கிச்சட்டைதான்.

"காலமெல்லாம் நாய்க்குப் பயந்து சைக்கிள் மிதிச்சவர், இப்ப வளக்கப்போறாராம்!" என்று அவரின் மனைவி சிரித்தார்.

"ஐயா, வாசல் படலையைச் சாத்துங்கோ. இது ஓடிப்போடும்" என்றேன்.

"ஏலாது தம்பி. மகன் சொல்லாமல் போன நாளிலையிருந்து சாத்தேல்லை. வந்து பாத்திட்டுத் திரும்பிப் போனானெண்டால்?"

நாய் தங்காது என்றே நினைத்தேன். அடுத்த வாரம் சைக்கிள் மணியடித்தபடி போனேன். திறந்த படலையருகே கதிரையில் இருந்தார். நாயின் கயிற்றைத் தன் இடுப்பில் கட்டியிருந்தார். மணிச்சத்தத்துக்கு இருவரும் துள்ளி எழுந்தார்கள். நான்தான் என்று கண்டதும் இரண்டு முகங்களும் ஒருபோல வாடின.

இப்போதும் அந்த ஒழுங்கையால் போகும்போது நான் மணியடிப்பதில்லை.