ஆணியில் தொங்கிய பச்சைக் கோட்டு

நம்புங்கள் என்று கேட்கப்போவதில்லை. என் இடது பக்கம் இரண்டு விலா எலும்புகள் கோணலாகச் சேர்ந்திருக்கின்றன. மழைநாளில் வலிக்கும். நடந்தது உண்மை என்பதற்கு எனக்கு அது போதும்.

ஏப்ரல் மாதம். ஸ்காட்லாந்தின் தெற்கு மலைகளில், வின்னிரிக் பண்ணைக்கு மேலே, வசந்தம் வந்தால் நடக்கப் போவேன். ஆள்காட்டிக் குருவிகள் எங்கே கூடு வைத்திருக்கின்றன என்று பார்ப்பது என் வழக்கம். அன்றும் முட்புதர்கள் மஞ்சளாகப் பூத்திருந்தன. பள்ளத்து நீரில் தவளை முட்டைகள். ஆள்காட்டிகள் தலையை உரசுவதுபோல் பறந்து கத்தின. எல்லாம் எப்போதும்போல் இருந்தது.

மூன்று மணிக்குப் பனி கொட்டியது. ஆடுகள் குட்டி ஈனும் காலத்தில் அது சகஜம்தான். நான் மெல்லிய சட்டையோடு வந்திருந்தேன். ரென்விக்கின் ஆட்டுக் கொட்டகைக்கு ஓடினேன்.

ரென்விக் அந்தப் பண்ணைக்காரர். தனியாக இருப்பவர். மலையில் நடக்க வருகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. செத்த குட்டி ஒன்றின் தோலை உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கேட்டைச் சாத்தினியா?"

"சாத்தினேன்."

"எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க. அப்புறம் ஆடுங்களை நான் ரோட்டுல தேடணும்."

"வருஷா வருஷம் வர்றேன். இஷ்பெல். தெரியலையா?"

"குருவி எண்ணுற பொம்பளை. தெரியும். எண்ணி என்னத்தக் கிழிச்ச?"

உரித்த தோலை ஓர் அநாதைக் குட்டிக்குச் சட்டைபோல மாட்டினார். குட்டியை இழந்த ஆட்டின் முன் விட்டார். எங்கள் பக்கத்து மேய்ப்பர்கள் எல்லோரும் செய்வதுதான். ஆடு வாலடியை மோந்தது. தொண்டைக்குள் மெல்லக் கனைத்தது. ஈன்ற ஆடு தன் குட்டிக்கு மட்டும் எழுப்பும் ஒலி அது. பிறகு பால் கொடுத்தது.

"ஏமாந்துட்டா," என்றேன்.

"ஏமாறணும்னு அவளுக்கும் ஆசைதான்."

அப்போதுதான் என்னைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு ஆணியிலிருந்த பச்சைக் கோட்டை எடுத்து எறிந்தார். ஒரு பையனுடையது. குள்ளமான எனக்குச் சரியாக இருந்தது.

"போட்டுக்கோ. பாலம் வர்ற வரைக்கும் கழட்டாத."

"எப்போ திருப்பித் தரட்டும்?"

"நீ தர வேணாம். நானே எடுத்துக்குவேன்."

கோட்டில் குளத்துச் சேற்றின் வாடை அடித்தது.

வெளியே பனி நின்றிருந்தது. ஆள்காட்டிகள் கத்தவில்லை. புல்லோடு புல்லாக ஒட்டி உட்கார்ந்து என்னையே பார்த்தன. ஆடுகள் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு விலகின.

பின்னால் ஒரு கனைப்பு... தொண்டைக்குள்.

திரும்பினேன். வெறும் பனி. என் காலடித் தடங்கள் மட்டும்.

நடந்தேன். மறுபடியும் அதே கனைப்பு... இம்முறை என் காதருகே. ஆடு அத்தனை உயரம் இல்லை.

கோட்டின் பின் ஓரம் தூக்கப்பட்டது. யாரோ மோந்தார்கள். நீளமாக.

பிறகு இடுப்பில் ஒரு தள்ளல். மென்மையாக. பாதையை விட்டு இடப்பக்கம். அங்கே மலைக்குளம். நான் வலப்பக்கம் ஒதுங்கினேன். மறுபடியும் தள்ளியது. அன்பாகத்தான் தள்ளியது. தடுக்க முடியவில்லை.

தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. முழங்காலுக்கு வந்தது...

மேட்டில் ரென்விக் நின்றிருந்தார், கைத்தடியில் சாய்ந்து. "காப்பாத்துங்க!" என்று கத்தினேன். அவர் அசையவில்லை. குட்டியை ஆடு ஏற்குமா என்று பார்க்கிற அதே நிற்பு.

அப்போதுதான் உறைத்தது. கொட்டகையில் அந்த ஆடு மோந்தது தோலைத்தான்.

கோட்டைக் கழற்றி வீசினேன்.

கனைப்பு நின்றது.

என் கழுத்தில் ஈர மூச்சு. ஒரே முறை மோந்தது.

தட்.

தரையில் கால் உதைக்கும் சத்தம். அந்நியக் குட்டி கிட்டே வந்தால் ஆடு அப்படித்தான் உதைக்கும். அடுத்து என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

தட்.

விலாவில் முட்டியது. எலும்பு முறிவது கேட்டது. கரையில் போய் விழுந்தேன்.

ஓடினேன்.

பாலத்தில் தபால் வண்டி நின்றது. ஓட்டுபவள் செங்கா, என் சிநேகிதி. என்னைத் தூக்கி உட்காரவைத்தாள்.

"எவன்டி உன்னை இப்படி அடிச்சான்?"

"ரென்விக் ஒரு கோட்டு குடுத்தாரு..."

"பச்சையா?"

தலையாட்டினேன். அவள் வண்டியைக் கிளப்பிப் பாலத்தைத் தாண்டினாள்.

"அவன் பையன் ஆர்ச்சியோடது. அந்த மலைக்குளத்துலதான் முங்கிப் போனான். தேடி இறங்குன அம்மா எஃபி இன்னிக்கு வரைக்கும் கிடைக்கல. பையன் பொணத்தை ரென்விக்தான் எடுத்தான். போலீஸ் வர்றதுக்குள்ள கோட்டைக் கழட்டி வெச்சுக்கிட்டான்."

"எதுக்கு?"

"குட்டி போடுற மாசம் பூரா எஃபி வந்து கதவைத் தட்டுறா, பையனைக் கேக்குறான்னு குடிச்சுட்டு உளறுவான். ஒருத்தனைக் குடுத்தா அந்த வருஷம் வர மாட்டாளாம். நாங்க சிரிச்சோம்டி."



அதற்கு முந்தின ஏப்ரலில் அந்தக் குளத்தில் ஒரு வெளியூர்க்காரர் செத்துக் கிடந்தார். அத்தனை பனியில் கோட்டு இல்லாமல் ஏன் மலையேறினார் என்று போலீசாருக்குக் கடைசிவரை புரியவில்லை.